வெற்றுக் கோப்பு தூய்மைக்குச் சான்றன்று

டெஸ்க்டாப் செயலிகளை எழுதும் நிரலாளர்களிடையே, குறிப்பாக மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் தளத்தில் பணியாற்றுவோரிடையே, ஒரு கருத்து ஏறத்தாழச் சட்டமாகவே நிலைபெற்றிருக்கிறது. திரையில் உள்ள எந்தப் பொத்தானும் வியூமாடலில் உள்ள ஒரு கட்டளைப் பண்போடு பிணைக்கப்பட்டே இயங்க வேண்டும் என்றும், திரையின் பின்னணிக் கோப்பில் நிரலாளர் எழுதிய வரி ஒன்றேனும் இருந்தால் கட்டமைப்பு நெறி குலைந்துவிட்டது என்றும் அக்கருத்து கூறுகிறது. பயிற்சிப் பாடங்கள் இதை விதியாகவே கற்பிக்கின்றன. நிரல் மீளாய்வின்போது, க்ளிக் நிகழ்வுக்குக் கையாளி எழுதியவரின் வேலை, அது பிழையின்றி இயங்கினாலும், திருப்பி அனுப்பப்படுகிறது. இக்கருத்து தவறானது. அது காக்க விரும்பும் பிரிவினை மதிப்புமிக்கதுதான். ஆனால் அப்பிரிவினையை அளப்பதற்கு அது எடுத்துக்கொண்ட அளவுகோல் பொருந்தாதது, அந்த அளவுகோலுக்கு ஈடுகொடுக்கும் முயற்சியிலேயே பல செயலிகளின் நிரல் சிக்கலாகிப் பிழை மலிந்து போகிறது.

வாதத்துக்குள் செல்லுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். விண்டோஸ் பிரசென்டேஷன் பவுண்டேஷன் என்பதன் சுருக்கமான டபிள்யூபிஎஃப், 2006 நவம்பரில் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.0 பதிப்புடன் வெளிவந்த திரையமைப்புத் தளமாகும். அதில் திரையின் தோற்றம் ஸாமல் என்று உச்சரிக்கப்படும் குறியீட்டு மொழியில் எழுதப்படுகிறது. அந்த ஸாமல் கோப்புக்கு இணையாகச் சிஷார்ப் போன்ற நிரல்மொழியில் அமையும் கோப்பே கோட்-பிஹைண்ட் என்று வழங்கும் பின்னணிக் கோப்பு. இவ்விரண்டும் தனித்தனியாகத் தோன்றினாலும், தொகுக்கப்படும்போது ஒரே கிளாஸின் இரு பகுதிகளாக இணைந்துவிடுகின்றன. எம்விவிஎம் என்னும் கட்டமைப்பு, செயலியின் தரவையும் விதிகளையும் மாடல் என்றும், திரையை வியூ என்றும், திரை காட்ட வேண்டிய நிலைகளையும் திரையிலிருந்து தொடங்கக்கூடிய செயல்களையும் தாங்கி இரண்டுக்கும் இடையில் நிற்கும் கிளாஸை வியூமாடல் என்றும் பிரிக்கிறது. வியூமாடலின் ஒரு பண்பு மாறும்போது திரையில் உள்ள உறுப்பு தானே மாறும்படி இணைத்து வைப்பது பைண்டிங் என்னும் பிணைப்பு. பொத்தானைப் பொறுத்தவரை, ஐகமாண்ட் என்னும் ஒப்பந்தத்தை நிறைவேற்றும் ஒரு பொருள் வியூமாடலில் பண்பாக வைக்கப்பட்டு, அது பொத்தானின் கமாண்ட் பண்போடு பிணைக்கப்படுகிறது. செயலை நிகழ்த்தும் எக்ஸிக்யூட், செயல் இப்போது நிகழலாமா என்று விடைசொல்லும் கேன்எக்ஸிக்யூட், அந்த விடை மாறியிருக்கலாம் என்று அறிவிக்கும் நிகழ்வு ஆகிய மூன்றே அந்த ஒப்பந்தத்தின் உறுப்புகள்.

இக்கட்டமைப்பின் வரலாற்றைப் பார்த்தால், வெற்றுக் கோப்பு என்னும் விதி அதன் அடித்தளத்தில் இல்லை என்பது தெரியும். மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் பிரசென்டேஷன் மாடல் என்ற பெயரில் இதன் முன்னோடியை விவரித்தபோது, திரையையும் அதன் நிலையைத் தாங்கும் கிளாஸையும் ஒத்திசைக்கும் நிரல் திரையின் பக்கத்திலேயே இருப்பதை முறையான ஏற்பாடுகளுள் ஒன்றாகவே கொண்டார். டபிள்யூபிஎஃப் உருவாக்கத்தில் பங்கேற்ற ஜான் காஸ்மன் 2005 அக்டோபரில் எம்விவிஎம் என்னும் பெயரோடு இம்முறையை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே அதன் குறைகளையும் அவரே எழுதி, எளிய திரைகளுக்கு இது மிகையான ஏற்பாடு என்றும், பிணைப்புகளில் பிழை கண்டுபிடிப்பது நேரடி நிரலில் கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்றும் எச்சரித்தார். 2009 பிப்ரவரியில் எம்எஸ்டிஎன் இதழில் ஜோஷ் ஸ்மித் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைதான், தன் எடுத்துக்காட்டுச் செயலியின் பின்னணிக் கோப்புகள் யாவும் வழக்கமான தொடக்க அழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாமல் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஐகமாண்ட் ஒப்பந்தத்தை நிறைவேற்றும் ரிலேகமாண்ட் என்னும் சிறு கிளாஸ் பரவலாக அறியப்பட்டதும் அக்கட்டுரையால்தான். ஓர் எடுத்துக்காட்டின் இயல்பாக அங்கே இருந்தது, அதைப் படித்துப் பின்பற்றியவர்களின் கைகளில் கட்டாய விதியாக மாறிவிட்டது. காஸ்மனின் எச்சரிக்கையை இன்று எடுத்துரைப்பவர் அரிது.

எம்விவிஎம் உண்மையில் தடைசெய்வது ஒன்றைத்தான்: வியூமாடல் திரையை அறியக் கூடாது. பொத்தான், சாளரம், உரைப்பெட்டி போன்ற எதன் பெயரும் வியூமாடலில் இடம்பெறலாகாது. அப்போதுதான் திரை இல்லாமலே அதைச் சோதிக்க முடியும், திரையை மாற்றினாலும் அது மாறாமல் நிற்கும். மறுதிசையில், திரை வியூமாடலை அறிவதற்கு எந்தத் தடையும் இல்லை. அறிந்தே தீர வேண்டும், ஏனெனில் ஸாமலில் எழுதப்படும் ஒவ்வொரு பிணைப்பும் வியூமாடலின் ஒரு பண்பைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே பின்னணிக் கோப்பில் உள்ள க்ளிக் கையாளி, வியூமாடலின் சேமி என்னும் மெத்தடை ஒரே வரியில் அழைத்தால் அங்கே எந்தச் சார்பு புதிதாக முளைக்கிறது? ஸாமலில் எழுதினால் குற்றமில்லாத அதே அறிவு, அதே கிளாஸின் மறுபாதியில் எழுதப்பட்டால் குற்றமாகிவிடுவதற்கு, கோப்பின் பெயர் முடிவில் உள்ள எழுத்துகள் வேறு என்பதைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாது.

நிலைக்கும் நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததே இத்தவறின் வேர். வாடிக்கையாளரின் பெயர், தேர்ந்தெடுத்த வரிசை, ஏற்றம் நடந்துகொண்டிருக்கிறதா என்னும் ஆம்-இல்லை மதிப்பு ஆகியவை நிலைகள். அவை காலத்தில் நீடிப்பவை, எப்போது கேட்டாலும் ஒரு மதிப்பு உடையவை, எனவே பண்புகளாக இருப்பதும் பிணைக்கப்படுவதும் அவற்றின் இயல்புக்கு முற்றிலும் ஒத்தது. அழுத்தி வைத்தால் அழுந்திய நிலையிலேயே நிற்கும் டாகிள் பொத்தானுக்கு ஆம்-இல்லைப் பண்பொன்றை இருவழியாகப் பிணைப்பதைவிட நல்ல வழியில்லை என்பதும் இதனால்தான். ஆனால் சாதாரணப் பொத்தானை அழுத்துவது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. அதற்கு மதிப்பு என்று ஒன்றில்லை. அதைப் பண்பாக்க வேண்டுமென்றால் செயலை ஒரு பொருளுக்குள் பொதிந்து, அப்பொருளைப் பண்பாக வைத்து, அப்பண்பைப் பிணைத்து, பிணைப்பின் வழியே பொருளைப் பெற்று, பொருளின் வழியே செயலை அழைக்க வேண்டியிருக்கிறது. எக்ஸிக்யூட் எதையும் திருப்பித் தராத மெத்தடாக வகுக்கப்பட்டிருப்பதால், சேமிப்பதோ பிணையத்திலிருந்து தரவு பெறுவதோ போன்ற ஒத்திசையாச் செயல்களின் பிழைகளைப் பிடிக்கத் தனியான கட்டளை வகைகளையும் உருவாக்க வேண்டியதாகிறது. பயன் இருக்குமானால் இச்சுற்றுவழியைத் தாங்கலாம்; எல்லாப் பொத்தானுக்கும் அதைக் கட்டாயமாக்குவதுதான் தகாது.

இச்சுற்றுவழியின் மிகப் பெரிய இழப்பு கம்பைலரின் காவல். க்ளிக் கையாளியின் பெயரை ஸாமலில் ஓர் எழுத்து பிசகி எழுதினால் செயலி தொகுக்கப்படவே மாட்டாது. ஏனெனில் ஸாமலிலிருந்து உருவாக்கப்படும் இடைநிலை நிரல் அக்கையாளியைப் பெயர்சொல்லி இணைக்கிறது, அப்பெயர் இல்லையென்றால் கம்பைலர் வரி எண்ணோடு பிழை காட்டி நின்றுவிடுகிறது. கட்டளைப் பிணைப்பில் அதே பிசகு நேர்ந்தால் செயலி தொகுக்கப்படுகிறது, திறக்கிறது, பொத்தானும் குறைவின்றித் தெரிகிறது. பிணைப்பு தோற்றதால் கமாண்ட் பண்பு வெறுமையாகவே நிற்கிறது. கட்டளை இல்லாத பொத்தானை டபிள்யூபிஎஃப் செயலிழந்ததாக மங்கலாக்குவதும் இல்லை. பயனர் அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. பிழைதிருத்தியோடு செயலியை இயக்கும் நிரலாளர் மட்டும், வெளியீட்டுச் சாளரத்தில் ஓடும் எண்ணற்ற வரிகளுக்கு நடுவே, பிணைப்பின் பாதை கிடைக்கவில்லை என்னும் ஒரு வரியைத் தேடிக் காணலாம். நிரலின் பெரும்பகுதியை வகைச்சரிபார்ப்புக்கு உட்படுத்தும் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பயனர் நேரடியாகத் தொடும் இடத்தை மட்டும் சரிபார்க்கப்படாத எழுத்துக்கோவைகளிடம் ஒப்படைப்பதை நல்ல கட்டமைப்பு என்று போற்றுவது எப்படிப் பொருந்தும்?

அட்டவணைகளில் இத்துன்பம் பன்மடங்காகிறது. ஓர் உறுப்பின் பிணைப்புகள் எந்தப் பொருளிலிருந்து மதிப்பைத் தேட வேண்டும் என்பதை டேட்டாகான்டெக்ஸ்ட் என்னும் பண்பு தீர்மானிக்கிறது. அது பெற்றோர் உறுப்பிலிருந்து பிள்ளை உறுப்புக்கு இறங்கி வருவது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் அது அந்த வரிசையின் தரவாக மாறிவிடுவதால், வரிசையில் உள்ள நீக்கு பொத்தான், திரையின் வியூமாடலில் இருக்கும் கட்டளையை அடைவதற்கு, மூதாதை உறுப்பு இன்னது என்று வகைசொல்லி மேலே ஏறிச் செல்லும் நீண்ட பாதையை எழுத வேண்டும். வலச்சொடுக்கில் திறக்கும் பட்டியல் திரையின் காட்சிமரத்திலேயே சேராதது; அங்கே அந்தப் பாதையும் பயன்படாமல், பட்டியல் எந்த உறுப்பின்மேல் திறந்ததோ அதைப் பிடித்து அதன் வழியே சுற்றி வர வேண்டியிருக்கிறது. இப்பாதைகள் ஒவ்வொன்றும் இயக்கநேரத்தில் மட்டுமே தம் பிழையை வெளிப்படுத்துபவை. டபிள்யூபிஎஃப் கற்பவர்கள் வாரக்கணக்கில் சிக்கித் தவிப்பதும் பெரும்பாலும் இங்கேதான். க்ளிக் கையாளியில், நிகழ்வை எழுப்பிய பொத்தானின் டேட்டாகான்டெக்ஸ்ட்டை வரிசையின் வகைக்கு மாற்றி வியூமாடலின் நீக்கு மெத்தடுக்குக் கொடுத்தால், வேலை படிப்பவர் எவருக்கும் விளங்கும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

இதற்கு எதிர்வாதமாக முதலில் வைக்கப்படுவது சோதனை. கட்டளையாக இருந்தால்தான் அலகுச் சோதனை எழுத முடியும் என்று பலர் உறுதியாக நம்புகின்றனர். சோதிக்கப்படுவது எது என்று கேட்டால் இந்நம்பிக்கை கரைந்துவிடும். அலகுச் சோதனை வியூமாடலின் சேமி மெத்தடை நேரே அழைத்தாலும், சேமிப்புக் கட்டளைப் பொருளின் எக்ஸிக்யூட் வழியே அழைத்தாலும் சோதிக்கப்படும் நிரல் ஒன்றே. திரைக்கும் வியூமாடலுக்கும் இடையிலான கடைசி இணைப்பை இரு முறைகளிலும் அச்சோதனை தொடுவதில்லை; ஒன்றில் அது கையாளியின் ஒரே வரி, மற்றொன்றில் பிணைப்பின் எழுத்துக்கோவை. முன்னதைக் கம்பைலராவது சரிபார்க்கிறது, பின்னதை எவரும் சரிபார்ப்பதில்லை. சோதனையின்றி நிற்கும் கண்ணியில் கம்பைலரின் காவல் உள்ளதை விட்டு அது இல்லாததைத் தேர்ந்துகொள்வதற்குச் சோதனையின் பெயரைச் சொல்வது ஏற்கத்தக்கதன்று.

செயல் நிகழ முடியாதபோது பொத்தான் தானே மங்கலாகிவிடும் என்பது அடுத்த வாதம். கேன்எக்ஸிக்யூட்டின் இப்பயன் உண்மையானது, ஆனால் அதன் இயக்கத்தை அறிந்தவர்கள் இதை இவ்வளவு எளிதாகப் புகழ்வதில்லை. ரிலேகமாண்டின் மூல வடிவம், விடையை எப்போது மறுபடி கேட்பது என்பதைக் கமாண்ட்மேனேஜர் என்னும் டபிள்யூபிஎஃப் கிளாஸிடம் விட்டுவிட்டது. அந்தக் கிளாஸோ, சுட்டியும் விசைப்பலகையும் இயங்குவது, குவியம் இடம்மாறுவது போன்ற பயனர் செயல்களைக் கண்டே மறுவினவலைத் தூண்டுகிறது. பின்புலத்தில் நடந்த தரவேற்றம் பயனரின் அசைவு எதுவுமின்றி முடியும்போது, இயங்கத் தயாராகிவிட்ட பொத்தான், பயனர் வேறெங்காவது சொடுக்கும்வரை மங்கலாகவே இருந்துவிடும் என்பது இத்தளத்தில் பல ஆண்டுகளாக அனைவரும் அறிந்த குறை. இதைத் தவிர்க்க எழுந்த புதிய கட்டளை வகைகள், மறுவினவலை நிரலாளரே அறிவிக்க வேண்டும் என்கின்றன. அப்படியானால் சேமிக்கலாமா என்னும் ஆம்-இல்லைப் பண்பை வியூமாடலில் வைத்து, அதைப் பொத்தானின் இயங்குநிலைப் பண்போடு பிணைத்து, மாற்றத்தை வழக்கம்போல் அறிவிப்பதற்கும் இதற்கும் வேலையில் வேறுபாடில்லை. இங்கே பிணைப்பு தன் சொந்த நிலத்தில் நிற்கிறது, ஏனெனில் சேமிக்கலாமா என்பது நிலை. இன்னொன்றும் சொல்லத்தக்கது: காரணம் சொல்லாமல் மங்கிக் கிடக்கும் பொத்தான் பயனருக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று. முடக்கப்பட்ட உறுப்பின்மேல் உதவிக் குறிப்புகூட இயல்பாகத் தோன்றுவதில்லை. அதைத் தனியே இயக்கி வைக்க வேண்டும். அழுத்த விட்டு, எந்தப் புலம் நிரப்பப்படவில்லை என்று சொல்வதே பல படிவங்களில் மனிதருக்கு உகந்த வழி.

விதியை எப்படியும் காப்பாற்ற வேண்டும் என்னும் பிடிவாதம், அவ்விதி எதற்காகப் பிறந்ததோ அதையே உடைக்கும் இடங்கள்தான் மிகுந்த கவலைக்குரியவை. ஓர் உரையாடல் சாளரத்தை மூடுவது திரையின் வேலை. சாளரத்தின் டயலாக்ரிசல்ட் பிணைக்கத்தக்க பண்பாக அமைக்கப்படவில்லை. பின்னணிக் கோப்பில் ஒரு வரி எழுதுவதற்கு அஞ்சி, சாளரத்தையே கட்டளையின் அளவுருவாக வியூமாடலுக்கு அனுப்பி, அங்கிருந்து அதை மூடச் செய்யும் நிரல் பரவலாகக் காணப்படுகிறது. பின்னணிக் கோப்பு காலியாகிவிட்டது; வியூமாடலோ சாளரத்தைக் கையில் பிடித்திருக்கிறது. கடவுச்சொல்லுக்கான பாஸ்வேர்ட்பாக்ஸ் உறுப்பின் மதிப்பு பிணைக்க இயலாதபடி அமைந்திருக்கிறது. கடவுச்சொல் தேவைக்கு மேல் நினைவகத்தில் வெற்றெழுத்தாக உலவக் கூடாது என்னும் கவனம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதையும் பிணைத்தே ஆக வேண்டும் என்று அட்டாச்டு பிராப்பர்ட்டி என்னும் ஒட்டுப்பண்பு ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லை வியூமாடலின் சாதாரண எழுத்துக்கோவைப் பண்பில் கொட்டி வைக்கும் தீர்வுகள் நல்ல நடைமுறை என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. குவியத்தை ஒரு புலத்துக்கு நகர்த்துவது, பட்டியலின் கடைசி வரிசைக்கு உருட்டுவது, இழுத்து விடுவது ஆகிய யாவும் திரையின் சொந்த அலுவல்கள். அவற்றுக்கான நிரலின் இயல்பான இருப்பிடம் திரையின் கிளாஸேயன்றி வேறில்லை.

வடிவமைப்பாளர்கள் பிளெண்ட் கருவியில் நிரலைத் தொடாமல் ஸாமலை மட்டும் திருத்துவதற்குக் கட்டளைப் பிணைப்பு உதவும் என்ற வாதம், அத்தகைய தனி வடிவமைப்பாளர்கள் இருக்கும் குழுக்களுக்குப் பொருந்தும். நிரலாளரே ஸாமலையும் எழுதும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

கட்டளைப் பொருள் தன் இடத்தைத் தானே ஈட்டிக்கொள்ளும் சூழல்களும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஒரே செயலைப் பட்டியும் கருவிப்பட்டையும் விசைச் சேர்க்கையும் தொடங்கும்போது, மூன்றும் ஒரே பொருளைப் பகிர்ந்துகொண்டு ஒன்றாக மங்குவதும் ஒன்றாக விழிப்பதும் அழகான தீர்வு. பல திரைகள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாடெம்ப்ளேட் என்னும் வார்ப்பு, பின்னணிக் கோப்பு இல்லாத வளக்கோப்பில் இருக்கும்போது, நிகழ்வைக் கையாள அங்கே இடமே இல்லை. கட்டளை அங்கே இன்றியமையாதது. செய்ததை மீட்கும் வசதிக்காகச் செயல்களை வரலாறாகச் சேமிக்கும் செயலிகளில், செயலைப் பொருளாக்கும் சிந்தனை நேரடியாகப் பயன்தருகிறது. இவை எல்லாம் காரணம் கூறத்தக்க தேர்வுகள். உதவி என்னும் ஒற்றைப் பொத்தான், ஒரே இடத்தில், ஒரே திரையில் இருக்கும்போது இக்காரணங்களில் எதுவும் அங்கே இல்லை.

தளங்களை உருவாக்கியவர்களே இச்சுற்றுவழியைக் குறைக்கத் தொடர்ந்து உழைத்திருப்பது இவ்விதியின் வலிமையைப் பற்றி நிறையச் சொல்கிறது. ராப் ஐசன்பெர்க் உருவாக்கிய காலிபர்ன்.மைக்ரோ, பொத்தானின் பெயரும் வியூமாடலின் மெத்தட் பெயரும் ஒன்றாக இருந்தாலே இரண்டையும் இணைத்து, நிரலாளர் கட்டளைப் பொருளை எழுத வேண்டிய தேவையையே நீக்கியது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10 செயலிகளுக்கெனக் கொணர்ந்த எக்ஸ்:பைண்ட் என்னும் பிணைப்பு வகை தொகுக்கும்போதே சரிபார்க்கப்படுவது; க்ளிக் நிகழ்வை வியூமாடலின் மெத்தடோடு நேரே இணைக்கவும் அது இடமளிக்கிறது. அது தன் பாதையைத் தொடங்கும் பொருளாக எதை இயல்பாகக் கொள்கிறது என்பதை வெற்றுக் கோப்பு விதியினர் கவனிக்க வேண்டும்: பின்னணிக் கோப்பில் உள்ள கிளாஸைத்தான். அவலோனியா என்னும் திரையமைப்புத் தளமும் கமாண்ட் பண்பை ஒரு மெத்தடோடு நேரடியாகப் பிணைக்க விடுகிறது.

இனி எஞ்சுவது வழுக்கல் பற்றிய அச்சம். ஒரு வரியை அனுமதித்தால் நூறு வரி வரும், தரவுத்தள வினவல்கள் க்ளிக் கையாளிக்குள் குடியேறும், டபிள்யூபிஎஃபுக்கு முந்தைய வின்ஃபார்ம்ஸ் காலத்தின் கட்டுப்பாடற்ற நிரலுக்கே திரும்ப நேரிடும் என்று அஞ்சுகின்றனர். அக்காலத்துச் செயலிகளைப் பராமரித்தவர்களின் இவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆயினும் அதற்கான காப்பு, திட்டங்களின் எல்லையில் அமைய வேண்டியது. வியூமாடல்களைத் தனி நூலகத் திட்டத்தில் வைத்து, விண்டோஸுக்கென்று குறிக்கப்படாத பொது டாட்நெட் இலக்கில் அதைத் தொகுத்தால், சாளரம், பொத்தான் போன்ற வகைகள் அங்கே கிடைக்கவே கிடைக்கா. எவரேனும் சாளரத்தை வியூமாடலுக்குள் கொண்டுவர முயன்றால் கம்பைலரே மறுத்துவிடும். இங்கே ஒரு பழைய உண்மையும் நினைக்கத்தக்கது: டாட்நெட் 4.5 வெளிவந்த 2012 வரை ஐகமாண்ட் ஒப்பந்தமே பிரசென்டேஷன்கோர் என்னும் டபிள்யூபிஎஃப் நூலகத்துக்குள்தான் இருந்தது, கமாண்ட்மேனேஜர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. கட்டளைகளைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டு வெற்றுக் கோப்புகளைக் காத்த வியூமாடல்கள், திரைத்தளத்தின் நூலகத்தைச் சார்ந்தே அத்தனை ஆண்டுகளும் தொகுக்கப்பட்டு வந்தன. எல்லை இப்படித் திட்ட அளவில் அமைந்துவிட்ட பிறகு, பின்னணிக் கோப்பைப் பார்க்கும் மீளாய்வாளர் அங்கே வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணத் தேவையில்லை; கையாளிக்குள் வணிக விதியைத் தீர்மானிக்கும் நிபந்தனையோ, கோப்பையோ தரவுத்தளத்தையோ தொடும் அழைப்போ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை வியூமாடலுக்கு நகர்த்தச் சொல்லி, வியூமாடலை அழைக்கும் அந்த ஒரு வரியை அங்கேயே இருக்க விடலாம்.